போஸ்ட்கிரெஸ் சப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர்களுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ செங்குன்றம் பக்கமோ ஒரு குடோன் என்று இருப்பவர்கள்தான் பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். அத்தனை பேர் கணக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வருஷா வருஷம் சப்போர்ட் பில் அக்கவுண்ட்ஸுக்குப் போகும்போது மேலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "டவுன்லோடு பண்ணது சும்மா. லைசென்ஸ் காசும் கிடையாது. அப்புறம் இந்தத் தொகை எதுக்குப்பா?" நியாயமான கேள்வி. சின்ன கம்பெனியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். நான் சொல்லும் பதிலையும், அந்தப் பணத்தை யாரிடம் கொடுப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியை இரண்டு முறை படிப்பது என்று இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். இதே கேள்வி முன்னால் நிற்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

பதில் 2024-ல் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 என்ற சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. எனக்குத் தெரிந்த பல அலுவலகங்களில் அந்தக் கோடை முழுக்க சர்வர் மாற்றும் வேலைதான். எங்களுடையதை ஹோஸ்டிங் ஒப்பந்தக்காரர்கள் ராக்கி லினக்ஸ் 9-க்கு மாற்றினார்கள். வழக்கமான முறைதான்: புதிய மெஷினில் டேட்டாபேஸின் ஒரு ரெப்ளிகா, அதாவது நகல், ஏற்றி, பழையதிலிருந்து தரவு தொடர்ந்து பாய விட்டு, ஞாயிறு இரவு ரெப்ளிகாவையே பிரைமரி (முதன்மை சர்வர்) ஆக்கினார்கள். ஒவ்வொரு டேபிளிலும் வரி எண்ணிக்கை சரியாக இருந்தது. லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

திங்கள் காலை கடை திறந்த கையோடு அம்பத்தூர் குடோனிலிருந்து போன். "சார், பிரேக் ஷூ பெட்டி கண்ணு முன்னாடி இருக்கு. நம்பர் அடிச்சா பார்ட் இல்லைன்னு வருது." டைப்பிங் பிழையாக இருக்கும் என்று பார்த்தோம், இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடையிலிருந்து வேறு புகார்: ஒரே பார்ட் நம்பர் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. பில் போடும் பையன் தேடியும் கிடைக்காததால் புதிதாக ஒரு பார்ட்டாகவே பதிந்துவிட்டிருக்கிறான். இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்பக்க அட்டவணை மாதிரி, தேடுவதற்கு; யுனீக் என்றால் ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாது. பார்ட் நம்பருக்கு யுனீக் இண்டெக்ஸ் இல்லாத டேபிளா என்றால், இருக்கிறது. ஒரே நம்பரை இரண்டாவது முறை போட்டால் டேபிள் மறுத்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நாங்கள் சப்போர்ட் எடுத்திருந்தது பெருங்குடியில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்திடம். போனை எடுத்த இன்ஜினியர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "ஓஎஸ் மாத்தினீங்களா சார்?" என்றார். நேற்று ராத்திரி மாற்றியதைச் சொன்னேன். "பழைய மெஷின் இன்னும் ஓடுதா? ரெண்டுலயும் ஒரு வரியில 1-1, அடுத்த வரியில 11 கொடுத்து வரிசைப்படுத்திப் பாருங்க. டேட்டாபேஸுக்குள்ள வேணாம், வெறும் ஷெல்லுல." பழைய மெஷினில் 11 முதலில் வந்தது, 1-1 பின்னால். புதிய மெஷினில் தலைகீழ். "அவ்ளோதான் சார். முதல்ல பில்லிங்கை நிறுத்துங்க, மத்ததை அப்புறம் சொல்றேன்."

விளக்கம் இதுதான். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகத்தைக் கேட்கிறது. 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றிவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17. ராக்கி 9-ல் 2.34. ரெப்ளிகா என்பது பைட்டுக்கு பைட் நகல். இண்டெக்ஸும் பழைய வரிசையில் கட்டியது கட்டியபடியே வந்து சேரும். புதிய மெஷின் அதைப் புதிய வரிசையை நம்பிக்கொண்டு தேடும்போது தப்பான கிளையில் திரும்பி, அங்கே எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. சரக்கு பத்திரமாக இருக்கிறது, வழிகாட்டும் பலகைதான் தப்பு. இண்டெக்ஸைத் தொடாமல் தேடு என்று சொல்லிவிட்டு அதே குவெரியை (தேடல் கட்டளையை) ஓட்டினோம். பிரேக் ஷூ வந்தது. ஹைபன் போட்ட பார்ட் நம்பர்கள்தான் அதிகம் அடிபட்டிருந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் தொழிலில் ஹைபன் இல்லாத நம்பர் அபூர்வம்.

எச்சரிக்கை வராததற்கும் காரணம் இருந்தது. டேட்டாபேஸின் பொது வரிசை எந்தப் பதிப்பைக் கொண்டு கட்டப்பட்டது என்று குறித்து வைத்து, மாறினால் சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸ் 15-ல்தான் வந்தது. நாங்கள் 13-ல் இருந்தோம்.

சரிசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு கொடுத்ததன் பொருள் அங்கேதான் தெரிந்தது. எனக்குத் தோன்றிய முதல் யோசனை, பழைய மெஷினுக்கே திரும்பிப் போவது. சப்போர்ட் இன்ஜினியர் வேண்டாம் என்றார்: திங்கள் காலையிலிருந்து போட்ட பில்கள் புதிய மெஷினில் மட்டும் இருக்கின்றன, போனால் அவை போய்விடும். இரண்டாவது யோசனை, எல்லா இண்டெக்ஸையும் உடனே ரீஇண்டெக்ஸ் செய்வது, அதாவது புதிதாகக் கட்டுவது. அதுவும் நேராக முடியாது. இரட்டிப்பான வரிகள் இருக்கும்போது யுனீக் இண்டெக்ஸைக் கட்டப் போனால் பாதியில் நின்றுவிடும். அதனால் முதலில் ஏஎம்செக் (amcheck) என்ற, இண்டெக்ஸைச் சோதிக்கும் எக்ஸ்டென்ஷனை வைத்து எந்த இண்டெக்ஸ் கெட்டிருக்கிறது, எது பாதிக்கப்படவில்லை என்று பிரித்தார். எண்களை மட்டும் வைத்திருப்பவை தப்பியிருந்தன. டேபிளில் எழுத்து இருக்கிற பத்திகளில் (column) தான் பிரச்சினை. பிறகு இரட்டிப்பு வரிகளின் பட்டியலை எடுத்தார். எதை வைத்துக்கொள்வது, எதை இணைப்பது என்பது டேட்டாபேஸ் தெரிந்தவர் முடிவு செய்யக்கூடியது இல்லை. புதிய வரியின் பேரில் பில் போயிருக்கிறது, பழைய வரியின் பேரில் ஸ்டாக் இருக்கிறது. அந்த முடிவுகளை நாங்கள் எடுத்தோம், ஸ்கிரிப்டை அவர் எழுதினார், முதலில் ஒரு நகலில் ஓட்டிக் காட்டினார். மாலைக்குள் கடைகள் பில் போட ஆரம்பித்தன.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. போஸ்ட்கிரெஸ் விக்கியில் இந்த ஜிலிப்சி விவகாரத்துக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. ஆனால் "பார்ட் இல்லைன்னு வருது" என்ற புகாரிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற பாதை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. என்னவென்று தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? பத்து இடங்களில் இதே நோயைப் பார்த்த ஒருவர் முதல் கேள்வியிலேயே அங்கே போய் நிற்கிறார். வருஷம் முழுக்க நாங்கள் கொடுக்கும் பணம் அந்த முதல் கேள்விக்குத்தான்.

சரி, யாரிடம் கொடுப்பது? நான் முதலில் பார்ப்பது சப்போர்ட் கம்பெனியை இல்லை, டேட்டாபேஸை. அது யார் கையில் இருக்கிறது?

இன்னொரு பிரபலமான டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், ஒரு ஸ்வீடன் கம்பெனியின் சொத்தாக இருந்தது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் மரியாடிபி என்று கிளை பிரித்துக்கொண்டு போனார். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018-ல் லைசென்ஸை இறுக்கமாக மாற்றியது. ரெடிஸ் என்ற இன்னொன்று 2024 மார்ச்சில் அதேபோல மாற்றியது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கி என்ற கிளை பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடி ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுக்கு வந்தது. எங்களைப் போல உள்ளுக்குள் பயன்படுத்துபவர்களுக்கு இந்த மாற்றங்களால் நேரடி நஷ்டம் அதிகம் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே கம்பெனியின் போர்டு ரூமில் முடிவாகிற விஷயத்தின் மேல் என் வாடிக்கையாளரின் கணக்கு நிற்கிறது என்பது எனக்கு ஒப்பவில்லை.

போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி, 1996-லிருந்து இன்றைய பெயரில், உலகெங்கும் இருக்கும் ஒரு குழுவின் கையில் வளர்கிறது. அதை வைத்துத் தொழில் செய்யும் கம்பெனிகள் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. 2000-ல் கிரேட் பிரிட்ஜ் என்ற அமெரிக்க கம்பெனி போஸ்ட்கிரெஸுக்கு சப்போர்ட் விற்கவே தொடங்கப்பட்டது. டாம் லேன், புரூஸ் மொம்ஜியன் போன்ற முக்கிய டெவலப்பர்கள் அங்கே சம்பளத்துக்கு இருந்தார்கள். 2001-ல் மூடிவிட்டார்கள். டெவலப்பர்கள் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போய் அதே வேலையைத் தொடர்ந்தார்கள், போஸ்ட்கிரெஸின் அடுத்த பதிப்பும் வந்தது. இந்தக் கதையை எங்கள் எம்.டி.யிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே தெம்பாக இருக்கும். திட்டத்தை வழிநடத்தும் கோர் டீமில் ஒரே கம்பெனிக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வழக்கமும் அங்கே உண்டு. 2020-ல் எண்டர்பிரைஸ்டிபி என்ற போஸ்ட்கிரெஸ் கம்பெனி, செகண்ட்குவாட்ரண்ட் என்ற இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை வாங்கியபோது அந்த அளவு தாண்டிப்போனது. சில வாரங்களில் வேறு கம்பெனிகளைச் சேர்ந்த இருவரைச் சேர்த்துச் சமன் செய்தார்கள். 2025-ல் நியான், கிரஞ்சி டேட்டா என்ற போஸ்ட்கிரெஸ் கம்பெனிகளில் முதலாவதை டேட்டாபிரிக்ஸும் இரண்டாவதை ஸ்னோஃபிளேக்கும் வாங்கின. சப்போர்ட் விற்கும் பலகை மாறலாம். டேட்டாபேஸ் அப்படியே இருக்கிறது, அடுத்த கடைக்குப் போகும் உரிமை நம்மிடம் இருக்கிறது.

அந்த உரிமையை நாமே பறிகொடுக்கவும் முடியும். ஒரு விநியோகஸ்தரின் பழைய சிஸ்டத்தை நாங்கள் கையேற்றபோது, அது போஸ்ட்கிரெஸை அடிப்படையாக வைத்து ஒரு நிறுவனம் தன் பங்குக்கு மாற்றி விற்ற பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோர்டு புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கும் நிரல்கள்) எல்லாம் அந்தப் பதிப்புக்கே உரிய நடையில். பேக்கப் எடுக்கும் கருவியும் அவர்களுடையது, அதன் ஃபைலை வேறு எதாலும் திறக்க முடியாது. புதுப்பிக்கும் நேரத்தில் விலையை ஏற்றினார்கள். வாடிக்கையாளர் கோபப்பட்டார், ஆனாலும் கட்டினார், வேறு வழியில்லை. வெளியே கொண்டுவர எங்கள் டெவலப்பர்கள் மாதக்கணக்கில் உழைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த விற்பனைப் பேச்சிலும் நான் கேட்கும் முதல் கேள்வி: நாளைக்கு நாங்கள் புதுப்பிக்காவிட்டால் எது ஓடாமல் நிற்கும்? "எதுவும் நிற்காது, எங்களைக் கூப்பிட முடியாது, அவ்வளவுதான்" என்று சொல்பவர்களோடு மட்டும் பேச்சைத் தொடர்வேன்.

இரண்டாவது கேள்வி, உங்கள் ஆட்களின் பெயர் எங்கே இருக்கிறது? போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் கடைசியில் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று குறித்திருப்பார்கள். விற்பனைக்கு வருபவரிடம் "கடந்த சில பதிப்புகளில் உங்க இன்ஜினியர்கள் பேர் காட்டுங்க" என்று கேட்டால் போதும். பெரிய பட்டியல் வேண்டாம், பெருங்குடி நிறுவனத்தில் ஓரிருவர் பெயர்தான் இருந்தது. ஆனால் அந்த ஓரிருவர் சோர்ஸ் கோடைப் படிக்கிறவர்கள், பிழை கண்டுபிடித்தால் திருத்தத்தைப் போஸ்ட்கிரெஸ் குழுவுக்கே அனுப்பத் தெரிந்தவர்கள். எங்களுக்கு மட்டும் ஒரு ஒட்டுத் திருத்தம் போட்டுக் கொடுத்தால் அடுத்த பதிப்பில் அதே பிழை திரும்பி வரும். மூலத்திலேயே சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் தீரும். இதைத் தொழில் கணக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. உலகம் முழுக்க யாரோ எழுதியதை எடுத்து நாங்கள் சம்பாதிக்கிறோம். நாங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது அதை எழுதுகிறவர்களின் சம்பளமாகப் போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

மூன்றாவதைக் கற்றுக்கொடுத்தது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் தண்ணீரில். கரண்ட் இல்லை, செல்போன் டவர்கள் வேலை செய்யவில்லை. எங்கள் ஸ்டாண்ட்பை (மாற்று) சர்வர் மும்பையில் இருந்ததால் டேட்டாபேஸ் உயிரோடு இருந்தது. ஆனால் சப்போர்ட் இன்ஜினியர்கள் எல்லாரும் நாங்கள் நிற்கும் அதே தண்ணீரில் நின்றார்கள். 24 மணி நேர சேவை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. யாரையும் பிடிக்க முடியவில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் இருந்தால் யார் என்ன செய்வார்கள். வெள்ளம் வடிந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். கோயம்புத்தூரில் ஒரு ஆளையாவது வைக்கச் சொன்னோம், வைத்தார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இரண்டு ஊர்களில் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். சென்னையில் தொழில் செய்பவர்கள் ஸ்டாண்ட்பையை வேறு ஊரில் வைப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள், ஆட்களைப் பற்றி யோசிப்பதில்லை.

ஒப்பந்தத்தின் மற்ற வரிகளில், "ஒரு மணி நேரத்தில் பதில்" என்பதைக் கவனியுங்கள். டிக்கெட் வந்து சேர்ந்தது என்ற தானியங்கி மெயிலும் பதில்தான். மனிதர் ஒருவர் வேலையைத் தொடங்க எவ்வளவு நேரம் என்று எழுதி வாங்குங்கள். பிரச்சினை எவ்வளவு அவசரம் என்று தீர்மானிப்பது நாமா அவர்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மார்ச் 31 இரவு பில்லிங் மெதுவாக ஓடினால், அவர்கள் பார்வையில் அது "மெதுவாக ஓடுகிறது", எங்கள் பார்வையில் கடை பூட்டியதற்குச் சமம். விலை சர்வர் கணக்கா, பிராசசர் கோர் கணக்கா, சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பைக்கும் காசா என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் எடுப்பதாக இருந்தால் விலைப்பட்டியலில் தெரியாத செலவு உண்டு. ஒரு முறை எடுத்துப் பார்த்தோம். ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீத ஜிஎஸ்டி நாமே கட்டினோம். அது பிறகு கிரெடிட்டாகத் திரும்புகிறது என்றாலும் பணம் முதலில் கையை விட்டுப் போகிறது. டிடிஎஸ், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான 15சிஏ படிவம், அவர்கள் நாட்டின் வரி வதிவிடச் சான்று என்று ஆடிட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போடும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

கிளவுடில் மேனேஜ்டு டேட்டாபேஸ் எடுத்துவிட்டால் சப்போர்ட் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மெஷினையும் பேக்கப்பையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் குவெரி ஏன் மெதுவாகிறது என்று உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், அது வேறு கட்டணம். பழைய பதிப்பிலேயே இருந்தாலும் சும்மா இருக்காது. அமேசானின் மேனேஜ்டு டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் 2024-லிருந்து ஆயுள் முடிந்த பதிப்புகளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு.

சேர்ந்தவுடன் முதல் மாதமே ஒரு வேலை வாங்குங்கள்: உங்கள் பேக்கப்பை எடுத்து, காலியான மெஷினில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்கு உங்கள் அமைப்பு பழகும், உங்களுக்கு அவர்களின் கை எப்படி என்று தெரியும். வாடிக்கையாளர் தரவைப் பார்க்க நேர்ந்தால் உங்கள் திரையில், உங்கள் கண் முன்னால் மட்டும் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது மரியாதைக்காகச் சொல்வது மட்டும் இல்லை.

இப்போது என் மேஜையில் இருப்பது பதிப்பு உயர்த்தும் வேலை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருஷம் திருத்தம் கிடைக்கும். 13-க்கு அது 2025 நவம்பரில் முடிந்தது. 17-க்குப் போகிறோம். அதில் எழுத்து வரிசையை ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமல் போஸ்ட்கிரெஸே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, பார்ட் நம்பர் பத்திகளுக்கு அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம். பைட்டுக்கு பைட் நகலாக எடுக்காமல், டம்ப் எடுத்து, அதாவது தரவை மட்டும் வெளியே எழுதி எடுத்து, புதிதாக ஏற்றுவதாக முடிவு. அப்போது இண்டெக்ஸ் எல்லாம் அந்த மெஷினிலேயே கட்டப்படும். பெருங்குடியிலிருந்து புதிய ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. பதிப்பு உயர்த்தும்போது உடன் இருப்பது வருடாந்திரத் தொகைக்குள்ளா, தனி பில்லா என்று அதில் தெளிவாக இல்லை. அந்த வரியில் குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.